முனியப்பனுக்கு விட்ட கிடா

காஸ் அடுப்பைப் பற்ற வைக்கும் முன் சமையலறைச் சன்னலைத் திறந்துவிடுவேன். மழையானாலும் திறப்பேன். “சாரல் அடிக்குதுங்க அத்தே” என்பாள் மருமகள். அடிக்கட்டும். நனைந்தவளைத் துவட்டிவிடலாம்.

இந்தப் பழக்கம் எனக்கு ஒரு கிடாவால் வந்தது. வெள்ளைக்காரன் ஆண்ட காலம். வத்தல்மலை அடிவாரத்தில் எங்கள் வீடு. மார்கழிக் குளிரில் சின்னம்மா அங்கே பிள்ளை பெற்றிருந்தாள். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால் வெட்டுவதாக முனியப்பனுக்கு நேர்ந்துவிட்ட கிடா வாசலில் கட்டிக்கிடந்தது. அதற்குத் தழை போடுவது என் வேலை.

பிள்ளை பெற்றவள் மேல் பனி பட்டால் சன்னி கண்டுவிடும் என்பது பெரியம்மாவின் சட்டம். அறைக்கு இருந்த ஒரே சன்னலில் கோணிச்சாக்கைத் திணித்தாள். கதவிடுக்கில் பழந்துணி. உள்ளே சட்டி நிறையக் கரிக்கங்கு. எறும்பு நுழைய வேண்டுமென்றாலும் பெரியம்மாவிடம் உத்தரவு வாங்க வேண்டும்.

எனக்கோ பிள்ளையைப் பார்க்க வேண்டும். பின்பக்கம் விறகுக் குவியல் மேல் ஏறிச் சாக்கைப் பிடுங்கினேன். வெக்கை முகத்தில் அடித்தது. சின்னம்மா வாயைப் பிளந்து கிடந்தாள். கூப்பிட்டுப் பார்த்தேன். கையிலிருந்த பொரியுருண்டையை எறிந்தேன். பொரியுருண்டை என்றால் பிணத்தைப் போட்டுவிட்டு வருகிறவள், கன்னத்தில் பட்டும் அசையவில்லை.

ஓடிப்போய்ச் சொன்னேன்.

“பெரிம்மா, சின்னம்மா எந்திரிக்க மாட்டேங்கறா.”

“பெத்த அலுப்பு. தூங்கட்டும். நீ போயி சாணி பொறுக்கு.”

“புள்ளயும் அசையல.”

“அதுக்கும் அலுப்புதான். போடி.”

புளுகுணி என்று பெயரெடுத்தவள் உண்மையைச் சொன்னால் யார் நம்புவார்கள்? பழகின வழிக்கே போனேன்.

“சன்ன வழியா கெடா உள்ள பூந்துருச்சு. புள்ளகிட்ட நிக்குது.”

பெரியம்மா உலக்கையோடு ஓடினாள். பின்னால் அம்மாவும் அப்பாவும். கதவை உதைத்துத் திறந்தார்கள். கிடா இல்லை. சின்னம்மாவைத் தூக்கினால் கழுத்து நிற்கவில்லை. அப்பா அவளையும் அம்மா பிள்ளையையும் வாசலுக்குத் தூக்கி வந்தார்கள். பெரியம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டாள். கட்டிக்கிடந்த கிடா கழுத்தை நீட்டிப் பிள்ளையின் உள்ளங்காலை நக்கியது. கொஞ்ச நேரத்தில் பிள்ளை வீறிட்டது. சின்னம்மா வாந்தியெடுத்துவிட்டுக் கண்ணைத் திறந்தாள்.

பெரியம்மா உலக்கையைக் கீழே போட்டாள். “உள்ள பூந்த கெடா, கதவத் தொறந்தா காணோம். முனியப்பன்தான் கெடா ரூவத்துல வந்து காப்பாத்திருக்காரு.”

“நாந்தான் பாத்தேன்” என்றேன், கூசாமல்.

சாமியைச் சாமிக்கே எப்படி வெட்டுவது? கிடாவுக்கு மஞ்சள் பூசி மாலை போட்டார்கள். நான் மறுபடி சாக்கை எடுத்து வந்தபோது பெரியம்மா பிடுங்கி எறிந்தாள். “சாமி வந்து போற வழி. அடைக்காத.” அதன்பின் எங்கள் வீட்டில் எந்தப் பிரசவத்துக்கும் அந்தச் சன்னலை அடைத்ததில்லை. கிடா பெரியம்மாவின் அவரைக்கொடியையெல்லாம் தின்று கிழடாகிச் செத்தது.

கிடாவைக் காப்பாற்றிவிட்டேன் என்று மனசுக்குள் பீற்றிக்கொண்டு ஊரெல்லாம் திரிந்தேன். புகையில்லாமல், நாற்றமில்லாமல் அடைத்த அறைக்குள் அந்தச் சட்டிக் கங்கு என்ன விஷத்தைக் கக்கிக்கொண்டிருந்தது என்று எனக்கும் தெரியாது, பெரியம்மாவுக்கும் தெரியாது. சாமியாகிவிட்ட கிடாவுக்கும் தெரிந்திருக்காது.