கதவு சாத்தாத தியேட்டர்

அப்பாவைப் பூட்டி வைக்க அண்ணன் வீட்டுக்குள்ளேயே ஓர் அறை கட்டுகிறான் என்று சின்னம்மா எனக்குப் போன் செய்து சொன்னாள். சின்னம்மாவுக்கு இந்தச் செய்தி மருந்துக் கடையில் கிடைத்தது. கடையில் சொன்ன அம்மாளுக்கு, பலகை இறக்க வந்த வண்டிக்காரர் சொல்லியிருக்கிறார். ஜன்னலை அடைத்துவிட்டானாம். சுவருக்குள் பஞ்சு திணிக்கிறானாம். உள்ளே தொண்டை கிழியக் கத்தினாலும் வெளியே ஒரு பொட்டுச் சத்தம் வராதாம்.

"நான் சொன்னேன்னு அவன்கிட்ட கேட்டுடாதே. ஆனா கேட்காமயும் இருந்துடாதே" என்றாள் சின்னம்மா.

வெளிநாட்டில் இருப்பவனுக்கு இந்த மாதிரிச் செய்தி வந்தால் சாப்பாடு இறங்காது. பக்கத்தில் இருந்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் எட்டிப் பார்த்துவிட்டு வரலாம். நான் மனசுக்குள்ளேயே அந்த அறையைக் கட்டினேன். நடுவில் அப்பாவை உட்கார வைத்தேன், வெளியே தாழ்ப்பாள் போட்டேன். அப்புறம்தான் அண்ணனுக்குப் போன் செய்யத் தைரியம் வந்தது.

அவன் சிரித்தான். "சின்னம்மாவா?"

யார் என்று சொல்ல மாட்டேன் என்றேன்.

"அப்போ சின்னம்மாதான். டேய், தியேட்டர் கட்டறேன்டா. சினிமா தியேட்டர்."

அண்ணனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவன் பல் செட் செய்கிறவன். பல் டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். இவன் வீட்டுக் கூடத்து மேஜையில் உட்கார்ந்து, மெழுகில் ஈறு செய்து, பல் பல்லாகப் பதித்து, தேய்த்துப் பளபளப்பாக்கிக் கொடுப்பான். தெருவில் அவனுக்குப் 'பல்லண்ணன்' என்றுதான் பேர். முன்பு ஊருக்குள் ஒரு லேபில் வேலை பார்த்தான். அப்பாவுக்கு ஞாபகம் தப்ப ஆரம்பித்ததும் மேஜையோடு வேலையை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். அம்மா முன்பே போய்விட்டாள். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் வீட்டில் யாராவது படுத்துக்கொண்டார்கள். பிறகு பேச்சு வருவதும் நின்றுவிட்டது.

அவனுக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் சினிமா. தனியாகப் போவான், ஓரத்து இருக்கையில் உட்காருவான். அப்பாவுக்கு இப்படி ஆன பிறகும் கொஞ்ச நாள் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டிருந்தான். இடைவேளையில் போன் வரும். உங்கப்பா தேடறார், உங்கப்பா அழறார், உங்கப்பா வாசலில் நிக்கிறார். எழுந்து ஓடுவான். இப்படியே என் அண்ணன் பாதிப் படங்களின் பண்டிதன் ஆனான். எந்தப் படத்தைச் சொன்னாலும் இடைவேளை வரைக்கும் வசனத்தோடு ஒப்பிப்பான். அதற்கு அப்புறம் யார் செத்தார்கள், யார் சேர்ந்தார்கள் என்று தெரியாது. யாராவது சொல்ல வந்தால் காதைப் பொத்திக்கொள்வான். என்றைக்காவது முழுசாகப் பார்த்துக்கொள்கிறேன் என்பான்.

ஒரு நாள் வீட்டை வெளியே பூட்டிக்கொண்டு கடைக்குப் போனான். பிளாஸ்டர் மாவு வாங்கிவிட்டுத் திரும்புவதற்குள் அப்பா கதவை உடைக்காத குறை. "என்னை விடுங்கடா" என்று அவர் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. பெற்ற தகப்பனை அடைத்து வைக்கிறான் என்ற பேர் அன்றைக்கு ஒட்டியதுதான். பலகையும் பஞ்சும் வந்து இறங்கியபோது அந்தப் பேருக்குக் கையும் காலும் முளைத்துவிட்டன. அதற்கப்புறம் அண்ணன் வாசல் கதவைப் பூட்டுவதே இல்லை. வெறும் தாழ்ப்பாள். பூட்டுக்குப் பதிலாக என் காது இருக்கிறது என்பான். அப்பா கட்டிலில் புரண்டால்கூடக் கையில் இருக்கும் பல்லைக் கீழே வைத்துவிடுவான்.

தியேட்டர் கட்டிய கதையை அவன் போனில் எனக்குத் தவணை தவணையாகச் சொன்னான். எங்கள் பழைய படிப்பறைதான் இடம். முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டினால் போதும் என்று சாமான் கடைக்காரர் அடித்துச் சொல்லியிருக்கிறார். "முட்டை அட்டை ஒட்டினா கரப்பான்தான் வந்து படம் பார்க்கும்" என்று இவன் திரும்பி வந்துவிட்டான். சுவரைத் தொடாமல் உள்பக்கம் மரச்சட்டம் அடித்தான். சட்டங்களுக்கு நடுவே ராக்வுல் என்கிற கனமான பஞ்சுப் பாளங்கள், ஒரு பக்கம் வெள்ளித்தாள் ஒட்டியவை. அதன் மேல் ஜிப்சம் பலகை இரண்டு அடுக்கு. சந்துபொந்தையெல்லாம், ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே மெழுகு விடுகிறவனுக்கே உரிய பொறுமையோடு, பசை விட்டு அடைத்தான். கூரைக்கும் அதேதான். அறைக்குள் இன்னோர் அறை, பெட்டிக்குள் பெட்டி. உள்ளே முழுக்க மினுக்கம் இல்லாத கறுப்புப் பெயிண்ட். திரை என்று தனியாக வாங்கவில்லை. ஒரு சுவரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, சாம்பல் கலந்த வெள்ளை அடித்தான். சுற்றிலும் கறுப்பு வெல்வெட் துணியில் கரை. புரொஜெக்டர் பழசு, யாரோ டியூஷன் சென்டர் மூடும்போது விற்றது. ஆசனம்தான் அருமை. ஒரு டாக்டர் தூக்கிப் போட்ட பல் வைத்தியம் பார்க்கிற நாற்காலி. காலால் மிதித்தால் சாயும்.

"வாய் கொப்பளிக்கிற தொட்டி இருக்கா?" என்று கேட்டேன்.

"கழட்டிட்டேன். அங்க முறுக்குப் பொட்டலம் வைக்கலாம்."

அப்பாவுக்கும் பக்கத்தில் ஒரு சோபா போட்டிருந்தான். விளக்கை அணைத்ததும் அப்பா அலறிவிட்டார். லைட்டைப் போடுங்கடா, லைட்டைப் போடுங்கடா என்று சுவரைத் தடவிக்கொண்டே வந்திருக்கிறார். அந்தக் கறுப்பு அறையில் அவருக்குச் சுவர் எது கதவு எது என்று தெரியவில்லை. அண்ணன் அவரை வெளியே கூட்டி வந்து வெகுநேரம் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம். அப்பாவுக்கு அந்த அறை ஒத்துவராது என்று அன்றே தெரிந்துவிட்டது.

அப்போது இன்னொன்றும் தெரிந்தது. படம் பார்க்கக் கதவைச் சாத்த வேண்டும். சாத்தினால் அப்பாவின் சத்தம் கேட்காது. இரண்டு கதவுகளை, நடுவே அதே வெள்ளித்தாள் பஞ்சு வைத்து ஒன்றாக ஒட்டி, சுற்றிலும் காற்றுகூடப் புகாதபடி ரப்பர் பீடிங் வைத்து, அவன் செய்த கதவு அது. அந்த வேலைப்பாட்டைப் பற்றி என்னிடம் எத்தனை நாள் பேசியிருப்பான்! அதை அவனால் சாத்தவே முடியவில்லை. ஒரு சாண் இடைவெளி விட்டு நிறுத்தி வைத்தான். பாரமான கதவு, தானாக வந்து மூடப் பார்க்கும். அட்டை வைத்தால் நசுங்கியது, கட்டை வைத்தால் வழுக்கியது. கடைசியில் சரியாக நின்றது அப்பாவின் இடது செருப்பு.

நல்ல தடித்த ரப்பர் செருப்பு. அன்றிலிருந்து அதன் இடம் தியேட்டர் வாசல். படம் ஓடும், அண்ணன் சத்தத்தைக் குறைத்து வைத்து ஒரு காதை வெளியே நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான், இடைவேளை வருவதற்குள் எழுந்து போவான். பழைய கதைதான், டிக்கெட் காசு மட்டும் மிச்சம்.

அப்பா தினமும் செருப்பைத் தேடுவார். பஸ் டிப்போவில் நேரம் பார்த்து வண்டிகளை எடுத்து விடுகிற டைம்கீப்பராக இருந்தவர். இன்னும் வேலைக்குக் கிளம்புகிறார். தலை வாரி, சட்டைப் பித்தானைக் கழுத்துவரை போட்டு, கட்டிலுக்கு அடியில் பார்த்தால் வலது செருப்பு மட்டும் இருக்கும். அடுத்தவர் செருப்பில் கால் நுழைக்க மாட்டார். "ஒத்தச் செருப்போட எப்படிடா டிப்போவுக்குப் போறது?" என்பார். தைக்கக் கொடுத்திருக்கிறது, நாளைக்கு வந்துவிடும் என்பான் அண்ணன். சரி என்று உட்கார்ந்துவிடுவார். இதை அண்ணன் சொல்லச் சொல்ல நான் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன்.

அண்ணன் என்னிடம் எதுவும் கேட்கிறவன் இல்லை. போன வாரம் கேட்டான்.

"தம்பி, ஒரு படம். முழுசா. கதவைச் சாத்திக்கிட்டு. ஒரு தடவை பார்த்துட்டேன்னா போதும்டா. வர முடியுமா?"

என் விசா புதுப்பிப்பில் மாட்டியிருந்தது. இப்போது வெளியே போனால் திரும்ப உள்ளே விட மாட்டார்கள். அதைச் சொன்னபோது அவன், பரவாயில்லை பரவாயில்லை என்று அவசரமாகச் சொன்னான். அவன் அவசரப்பட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை. கொஞ்சம் கழித்து அவனே வழி கண்டுபிடித்தான். அப்பா மத்தியானம் தூங்குகிற நேரத்தில் கட்டிலுக்கு எதிரே டேப்லெட்டை நிறுத்தி வீடியோ கால் போட்டுவிடுவான். நான் இங்கிருந்து அப்பாவைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அவர் எழுந்தால் இன்னொரு போனிலிருந்து அண்ணனைக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். நேற்றே சோதித்தும் பார்த்தோம். அவன் நாற்காலியில் சாய்ந்துகொண்டான், நான் கூப்பிட்டேன், முதல் மணியிலேயே எடுத்தான். "பக்கா" என்றான்.

இன்றைக்கு எனக்கு விடுமுறை. காலையிலேயே சமையலறை மேஜையில் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அங்கே மத்தியானம். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அண்ணன் என் கணினித் திரைக்குள் வந்தான். குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டியிருந்தான். சொந்த வீட்டுத் தியேட்டருக்கு யார் சட்டை இஸ்திரி போடுவார்கள் என்று கிண்டல் செய்ய வாயெடுத்தேன். அவன் உதட்டில் விரல் வைத்துக் காட்டினான். கையில் அந்த இடது செருப்பு இருந்தது. துணியால் துடைத்து, கட்டிலுக்கு அடியில் வலதின் பக்கத்தில் நேராக வைத்தான்.

"பாவம், எத்தனை நாளா தேடறார்" என்று கிசுகிசுத்துவிட்டுப் போனான்.

படம் தொடங்கும் இசை பெரிதாகக் கேட்டது. அப்புறம் 'துப்' என்று மெத்தென ஒரு சத்தம். இசை அறுந்தது. ஒரு துளி கேட்கவில்லை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. கதவு என்றால் இது கதவு.

அப்பா வெகுநேரம் தூங்கினார். அவருடைய முதுகு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எழுந்து உட்கார்ந்தார். கால்கள் வழக்கம்போலத் தரையில் துழாவின. வலது கால் நுழைந்தது. இடது காலும் நுழைந்தது. குனிந்து பார்த்தார்.

"வந்துடுச்சா" என்றார்.

நான் அண்ணனைக் கூப்பிட்டேன். அப்பா நிதானமாகத் தலை வாரினார்.

"அப்பா" என்றேன் டேப்லெட் வழியாக.

அவர் விட்டத்தைப் பார்த்தார். "யாரு?"

"நான்தாம்ப்பா. சின்னவன்."

"சின்னவன் வெளிநாட்டுல இருக்கானே."

"எங்கேப்பா கிளம்பறீங்க? உக்காருங்கப்பா. அண்ணனைக் கூப்பிடுங்க."

"வண்டியெல்லாம் நிக்குதுப்பா. நான் போய்தான் எடுத்து விடணும்." கழுத்துப் பித்தானைப் போட்டுக்கொண்டார். "பெரியவனைக் கூப்பிட்டா வர மாட்டான். அவனுக்கு வேலை."

போனைப் பார்த்தேன். நேற்று 'ஒலிக்கிறது' என்று காட்டிய இடத்தில் இன்று 'அழைக்கிறது' என்றே நின்றது. மணி அங்கே போய்ச் சேரவில்லை. சுவர் முழுக்க வெள்ளித்தாள், கூரை முழுக்க வெள்ளித்தாள், கதவிலும் வெள்ளித்தாள்; போன் சிக்னல் உள்ளே நுழைய வழி இல்லை. நேற்று சோதித்தபோது கதவு இடுக்கில் செருப்பு இருந்தது. அந்தக் கதவை முழுசாகச் சாத்தி நாங்கள் போன் செய்து பார்த்ததே இல்லை.

அப்பா கணினித் திரையை விட்டு வெளியே போனார். செருப்புச் சத்தம் கூடத்தைக் கடந்தது. இரண்டு காலும் ஒரே சீராக. நான் மேஜையிலிருந்து எழுந்து நின்று அப்பா அப்பா என்று கத்துகிறேன். காலி கட்டிலும் கசங்கிய போர்வையும்தான் எதிரே இருக்கின்றன. தாழ்ப்பாள் விலகுகிற சத்தம். கட்டிலுக்கு முன்னால் தரையில் வாசல் வெயில் ஒரு கோடாக விழுந்து அகலமாகிறது.

பக்கத்து வீட்டு நம்பர் என்னிடம் இல்லை. சின்னம்மாவைக் கூப்பிடலாம். அவள் ஊரின் அடுத்த கோடியில் இருக்கிறாள். அவளைக் கூப்பிட இந்தப் போனை வைக்க வேண்டும். வைத்த அந்த நொடியில் அண்ணன் தண்ணீர் குடிக்கவென்று கதவைத் திறந்துவிட்டால்? இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரே ஒரு தடவை என்று வெட்டி வெட்டித் திரும்ப அவனையே அழைக்கிறேன். தரையில் வெயில் அப்படியே கிடக்கிறது. வாசல் கதவைச் சாத்த யாரும் வரவில்லை. உள்ளே படம் இந்நேரம் இடைவேளையைத் தாண்டியிருக்கும்.

'அழைக்கிறது' என்கிறது போன்.