மரிசெல் தூக்கத்தில் பேசிய பாஷை

என் தங்கை மரிசெல் மத்தியானத் தூக்கத்தில் இங்கிலீஷ் பேசுவாள்.

எங்கள் ஊரான வில்லா எஸ்தேரோவில் ஒரு மணிக்குக் கதவை அடைத்தால் நாலரைக்குத்தான் திறப்போம். எங்கள் நாட்டில் டிசம்பர்தான் கோடை; அந்த வெயிலில் நாய்கூடத் தெருவில் நடக்காது. ஜன்னலைச் சாத்தி, அதில் பச்சை நிற ஈரத்துண்டைத் தொங்கவிட்டு, மின்விசிறிக்கு அடியில் நாங்கள் இருவரும் ஒரே அறையில் படுத்திருப்போம். விடிவதற்கு முன்பே எழுந்து ரொட்டிக்கடைக்கு ஓடுகிறவள் நான். எனக்கு அந்தத் தூக்கம் சாப்பாட்டைவிட முக்கியம். கண் சொருகும் நேரம் பார்த்துப் பக்கத்துக் கட்டிலிலிருந்து குரல் வரும். மெதுவாக, மரியாதையாக, முன்பின் தெரியாத யாரிடமோ வழி கேட்கிற குரல். வெளியே சிள்வண்டு கத்தும். ஈரத்துண்டின் வழியாக வெளிச்சம் பச்சையாக உள்ளே விழும். அறையே தண்ணீருக்குள் இருப்பது போலத் தோன்றும்.

எனக்கு இங்கிலீஷ் சுட்டுப் போட்டாலும் வராது. ஆனாலும் தலையணையைத் தூக்கி அவள்மேல் எறிய மனம் வந்ததில்லை. விழித்திருக்கும்போது அவளிடம் இல்லாத ஒரு நிம்மதி அந்தக் குரலில் இருந்தது.

அவளுக்குப் பதினாலு வயதில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எதிர்வீட்டு யமிலா அவளுக்கு உயிர்த்தோழி. மாட்டு டாக்டரின் மகள். கார்னிவலில் எங்கள் ஊர் ஆட்டக்குழுவுக்கு முன்னால் ஆடுகிறவள் முதுகில் கட்டிக்கொள்ளும் பெரிய இறகுச் சட்டத்தை அந்த வருடம் இவர்கள் இரண்டு பேரும்தான் தைத்தார்கள். குளிர்காலம் முழுக்க எங்கள் சமையலறையை அடைத்துக்கொண்டு, ஒருத்தி இறகைப் பிடிக்க, இன்னொருத்தி நூலை இழுத்துக் கட்டுவாள். "இறுக்கிப் பிடிடி யமி, நழுவுது!" என்று மரிசெல் போடும் சத்தத்தில் அடுப்பில் வைத்த பால் பொங்கிய நாட்கள் உண்டு.

கார்னிவலுக்கு முந்தின நாள் சட்டத்தை யமிலா வீட்டு முற்றத்துக் கம்பியில் காயப் போட்டார்கள். மாட்டியது மரிசெல். "சாயங்காலத்துக்குள்ள உள்ள எடுத்து வச்சிரு" என்று சொல்லிவிட்டு வந்தாள். யமிலா மறந்துவிட்டாள். புயலோடு மழை கொட்டியது. மறுநாள் பார்த்தால் நனைந்த கோழி தேவலை. குழுக்காரர்கள் கூடிக் கேட்டபோது யமிலா தரையைப் பார்த்துக்கொண்டு, "மரிசெல்தான் வெளிய மாட்டினா, அவதான் விட்டுட்டா" என்றாள். மாட்டியது உண்மைதானே. அப்புறம் மரிசெல் அழுதுகொண்டு சொன்னதை யார் கேட்டார்கள்? அந்த வருடப் போட்டியில் பக்கத்து ஊரிடம் தோற்றோம்.

அன்றிலிருந்து ஊரில் அவள் பெயர் மழை. கழுத்தில் சங்கிலி மாட்டியது போல ஒரு பெயர். சதுக்கத்தில் அவள் தலை தெரிந்தால் போதும், பெஞ்சில் மாத்தே டீ உறிஞ்சிக்கொண்டிருக்கிற கும்பலில் ஒருவன் குரல் கொடுப்பான்.

"மழை வருது டோய்! கொடியில கிடக்கிற துணிய எடுங்க!"

நான் மட்டும் ஒழுங்கா? "நீ கொஞ்சம் பார்த்திருக்கக் கூடாதா?" என்று கேட்டவள்தான் நானும். அதை நினைத்தால் இன்றைக்கும் என் நாக்கை அறுத்துப் போடலாம் போல இருக்கிறது.

மரிசெல் இங்கிலீஷுக்குள் போய் ஒளிந்துகொண்டது அப்போதுதான். மிஸ் சில்வினா தன் வீட்டு கார் ஷெட்டில் நடத்தும் வகுப்பில் அவள் முன்பே சேர்ந்திருந்தாள். அதுவரை ஏனோதானோ என்று போய் வந்தவள், அதற்குப் பிறகு வெறி பிடித்த மாதிரி படித்தாள். குளியலறைக் கண்ணாடியில் சொற்களை எழுதி ஒட்டினாள். பாத்திரம் கழுவும்போது யாருக்கோ பதில் சொன்னாள்.

"அப்படி என்னடி இருக்கு அதுல?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அங்க யாரும் என்னை மழைன்னு கூப்பிடறதில்ல நோரி."



வகுப்பில் சேர்ந்தவர்கள் பன்னிரண்டு பேர். ஒருத்தனுக்குக் கால்பந்து, ஒருத்திக்குக் காதல், இப்படி ஒவ்வொருவராகக் கழன்றார்கள். ஐந்தாவது வருடம், இடைநிலைக்கு அடுத்த நிலைக்கு, அதன் பரீட்சைக்கு, வந்து சேர்ந்தவர்கள் இரண்டே பேர். மரிசெலும் யமிலாவும். தெருவில் எதிரெதிரே வந்தால் ஆளுக்கொரு பக்கம் ஒதுங்குகிற அந்த இருவரும்.

அந்தப் பரீட்சையில் பேச்சுத் தேர்வுக்குத் தனியாகப் போக முடியாது. ஜோடியாகத்தான் உட்கார வேண்டும். ஒரு விஷயத்தைக் கொடுத்து, இருவரும் தங்களுக்குள் பேசி ஒரு முடிவுக்கு வரச் சொல்வார்கள். மிஸ் சில்வினாவுக்கு ஊர்க்கதை தெரியாமலா இருக்கும்? தெரிந்தும் கண்டுகொள்ளாமல் இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்தார். நயமாக மறுப்பதற்கும் ஒப்புக்கொள்வதற்கும் வாக்கியங்களை மனப்பாடம் செய்ய வைத்தார். அவர்கள் இங்கிலீஷில் பேசியதை மரிசெல் எனக்குச் சொன்னபடியே, அந்தப் பாடப்புத்தக வாசனையோடு தருகிறேன். ஊரில் வாழ்வதா, நகரத்தில் வாழ்வதா என்று படங்களைப் பார்த்துப் பேசும் ஒரு பயிற்சி.

"உன் கருத்தை மதிக்கிறேன். ஆயினும், சிறிய ஊரில் மனிதர்கள் எதையும் மறப்பதில்லை" என்றாள் மரிசெல்.

"அது சுவையான கருத்து. நாம் அடுத்த படத்துக்குச் செல்லலாமா?" என்றாள் யமிலா.

"இப்படியே பேசுங்க ரெண்டு பேரும்! எவ்வளவு இயல்பா இருக்கு!" என்று மிஸ் கைதட்டினாராம்.

இயல்பாக இல்லாமல் என்ன செய்யும், வயிறு எரிந்தல்லவா பேசினார்கள்? ஆனால் ஒருநாள் மரிசெல் ஏதோ யோசனையாகச் சொன்னாள்: "இந்த அளவு இங்கிலீஷ் விசித்திரமானது நோரி. எதை வேணும்னாலும் சொல்லிடலாம். ஆனா சொல்றது நாம இல்ல, வேற யாரோன்னு தோணும்." அவள் கண்கள் எங்கோ தொலைவில் இருந்தன.

பரீட்சைக்குப் பரானா நகரத்துக்கு பஸ்ஸில் நான்தான் இருவரையும் கூட்டிப் போனேன். மூன்று மணி நேரமும் ஒருத்தி முதல் இருக்கையில், ஒருத்தி கடைசி இருக்கையில். ஒரு பள்ளிக்கூடத்தின் நீண்ட தாழ்வாரத்தில் மாத்தேக்கான வெந்நீர்க் குடுவையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர்கள் உள்ளே போனதும் கதவைச் சாத்தினார்கள். தேர்ச்சி பெற்றால் மரிசெல் அந்த நகரத்திலேயே மொழிபெயர்ப்புப் படிப்பில் சேருவாள். மழை என்ற பெயரை ஊரிலேயே விட்டுவிட்டுப் போய்விடுவாள். மறுபடி திரும்பியே பார்க்க மாட்டேன் என்று சொல்லியிருந்தாள். தேறட்டும் என்றும் வேண்டிக்கொண்டேன், அப்படிப் போய்விடக் கூடாதே என்றும் வேண்டிக்கொண்டேன்.

உள்ளே தேர்வாளர்கள் இரண்டு பேர். ஒருவர் கேட்க, இன்னொருவர் மூலையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருந்தாராம். ஊர்த் திருவிழாவுக்கு இசை, உணவு, அலங்கார உடை, விளையாட்டு, வாணவேடிக்கை ஆகியவற்றில் எதை விட்டுவிடலாம் என்று இருவரும் பேசி முடிவு செய்ய வேண்டும்.

யமிலா கேள்வித்தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்:

"உடைகளைக் குறித்து எனக்கு அச்சம் உண்டு. மழை பெய்தால் இறகுகள் பாழாகிவிடும். ஒருமுறை, மாலைக்குள் உள்ளே எடுத்து வைக்குமாறு என் தோழி கூறினாள். நான் மறந்தேன். பின்னர் எல்லோரிடமும் பழியை அவள்மீது சுமத்தினேன்."

எழுதுகிறவரின் பேனா நிற்கவில்லை. மௌனமாக இருந்தால் மதிப்பெண் போகும் என்று மிஸ் ஆயிரம் தடவை சொல்லியிருந்தார்.

"உன் கருத்து எனக்குப் புரிகிறது," என்றாள் மரிசெல். "ஆயினும், அதை இந்த அறையில் கூறுவது எளிது. அந்தத் தோழியின் ஊர்க்காரர்கள் எவரும் இங்கே இல்லை."

"ஒப்புக்கொள்கிறேன்" என்றாள் யமிலா.

நேரம் முடிந்தது, எதை விடுகிறீர்கள் என்று கேட்டார்கள். இருவரும் ஒரே குரலில் வாணவேடிக்கை என்றார்களாம்.

திரும்பும் பஸ்ஸில் யமிலா முன் இருக்கையில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மரிசெல் எல்லாவற்றையும் என் காதில் சொன்னாள். எனக்கு ரத்தம் கொதித்தது.

"இறங்கட்டும், முடியப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் சதுக்கத்துல நிறுத்தறேன்!"

"வேண்டாம் நோரி. அவ சொல்லிட்டா."

"இங்கிலீஷ்ல சொன்னா யாருக்குடி புரியும்? எனக்கே புரியாது!"

"அதனாலதான் அவளால சொல்ல முடிஞ்சுது" என்று மரிசெல் என் தோளில் சாய்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே நெல்வயல்கள் தண்ணீரும் வானமுமாகப் போய்க்கொண்டே இருந்தன. அவள் தூங்கவில்லை, ஆனால் உதடுகள் அசைந்தன.

அந்தச் சனிக்கிழமை காலை பதினோரு மணி. ரொட்டிக்கடை நிரம்பி வழிந்தது. கூட்டம் அதிகமானால் மரிசெல் வந்து எனக்கு உதவுவாள். முடி வெட்டும் தோன் அன்செல்மோ தன் எண் சீட்டை ஆட்டிக்கொண்டே ஆரம்பித்தார்.

"அடடே, இன்னிக்கு கடையில மழையா! குடை கொண்டு வரலையேம்மா!"

வரிசை சிரித்தது. மரிசெல் தலை நிமிராமல் மாவைத் துடைத்தாள்.

அப்போதுதான் யமிலாவைப் பார்த்தேன். வரிசையில் அவருக்கு நேர் முன்னால் நின்றாள். வாசலிலேயே கத்தியிருக்கலாம். அவளோ தன் முறைக்குக் காத்திருந்தாள். ஒவ்வொரு எண்ணாக நான் கூப்பிட, வெயிலில் மாவுத்தூள் மிதக்க, அவள் ஒவ்வோர் அடியாக முன்னால் வந்தாள்.

"நாற்பத்து மூணு. என்ன வேணும்?" என்றேன் வெடுக்கென்று.

அவள் என்னைப் பார்க்கவில்லை. வரிசையின் பக்கம் திரும்பினாள். இங்கிலீஷில் தண்ணீர்ப்பட்ட பாடாகப் பேசுகிறவளுக்குத் தாய்மொழி திக்கியது.

"அந்த... அந்த இறகுச் சட்டம். மரி உள்ள எடுத்து வைக்கச் சொன்னா. நான்தான்... நான் மறந்துட்டேன். அவ விட்டுட்டான்னு பொய் சொன்னேன். இனிமே மழைன்னு யாரையாவது கூப்பிடணும்னா என்னைக் கூப்பிடுங்க."

எனக்கு அவள் முடியைப் பிடித்து இழுக்கவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை.

தோன் அன்செல்மோ தொப்பியைக் கழற்றினார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"மரிசெல்," என்றார், "எனக்கு ஒரு டஜன் இனிப்பு ரொட்டி கொடும்மா."

மூன்று வருடத்தில் அவர் அந்தப் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. மரிசெல் எண்ணி எண்ணிப் பதின்மூன்று போட்டாள்.

பிப்ரவரியில் முடிவு வந்தது, இருவரும் தேறினார்கள். இப்போது மரிசெல் பரானாவில் படிக்கிறாள், லீவு விட்டால் முதல் பஸ்ஸில் வந்து நிற்கிறாள். ஆனால் நான் சொல்ல வந்தது அந்தச் சனிக்கிழமை மத்தியானத்தை.

ஒரு மணிக்குக் கதவை அடைத்தோம். ஈரத்துண்டு, பச்சை வெளிச்சம், சிள்வண்டு. எனக்குக் கண் சொருகும் நேரத்தில் பக்கத்துக் கட்டிலில் அவள் பேச ஆரம்பித்தாள். வழக்கம்போலப் புரியாது என்று புரண்டு படுத்தேன். அப்புறம் சட்டென்று எழுந்து உட்கார்ந்தேன். அது மரியாதையான குரல் இல்லை. சமையலறையில் பால் பொங்கிய நாட்களின் குரல், எங்கள் பாஷையில்:

"இறுக்கிப் பிடிடி யமி, நழுவுது."