சிவப்புக் குறி போட்ட அடிபம்பு

எந்த ஊரில் போய் இறங்கினாலும் முதலில் தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று பார்த்துவிடுவேன். தங்குமிடம், வேலை எல்லாம் அப்புறம். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஊர் ஊராகச் சுற்றியவனுக்குத் தானாக வந்த புத்தி இது. எத்தனையோ அடிபம்புகளில் வாய் வைத்துக் குடித்திருக்கிறேன். ஆனால் ஒரு அடிபம்புக்காக ஒரு தெருவே பஞ்சாயத்து யூனியன் ஆபீசோடு மல்லுக்கு நின்றதை ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். அப்போது எனக்கு ஏழு வயது.

அப்பாவும் அம்மாவும் அந்தக் கோடையில் கரும்பு வெட்டப் போனார்கள். நானும் போனால் கூலியில் இன்னொரு வயிறு என்பதால் என்னை விக்கிரமங்கலத்துக்குப் பக்கத்தில் சின்னம்மா வீட்டில் விட்டுவிட்டார்கள். அதுவரை நான் வளர்ந்ததெல்லாம் பெரம்பலூர்ப் பக்கத்துச் செங்கல் சூளைகளில். சூளையில் ஒரே தொட்டிதான். மண் குழைக்கவும் அதுதான், குளிக்கவும் அதுதான், யார் மொண்டாலும் யாரும் கேட்பதில்லை. ஊர் என்று ஒன்றில் நான் குடியிருந்தது அந்த வருடம்தான்.

சின்னம்மாவின் தெரு ஊரைவிட்டுத் தள்ளி, ஏரிக்கரைக்குக் கீழே இருந்தது. காலனி என்பார்கள். நடுவில் ஒரு பழைய வார்ப்பிரும்பு அடிபம்பு. துருப்பிடித்த அதன் உடம்பில் செய்த கம்பெனியின் பெயர் பாதி தேய்ந்து கிடந்தது. கைப்பிடி கனம். நான் எம்பித் தொங்கினால்தான் கீழே இறங்கும்.

நான் போய்ச் சேர்ந்த வாரமே யூனியன் ஆபீஸ் மெக்கானிக் சைக்கிளில் வந்தார். வழக்கமான ஸ்பானர் பையோடு ஒரு பெயிண்டு டப்பாவும் இருந்தது. பம்பின் நெற்றியில் பெரிதாக ஒரு சிவப்புப் பெருக்கல் குறி போட்டார்.

“ஏம்மா, நல்லாக் கேட்டுக்குங்க. இந்த மாடலே இப்ப கெடையாது. செஞ்ச கம்பெனியே நிறுத்திட்டான். வாஷர் வராது, ஒண்ணும் வராது. இனிமே கெட்டுப்போச்சுன்னு ஆபீஸ் பக்கம் வந்துடாதீங்க.”

“இதுக்கு முன்னாடி கெட்டப்பல்லாம் ஓடி வந்துட்டீங்களாக்கும்” என்றாள் சின்னம்மா.

“அதான் மாரியம்மன் கோயில் முக்குல புது பம்பு போட்டிருக்கில்ல? ஆழமான போரு. சின்னப் புள்ளகூட ஒத்தக் கையால அடிக்கலாம். அங்க போய்ப் புடிங்க.”

“புடிக்கலாம் சார். நீங்க வந்து பக்கத்துல நிப்பீங்களா?”

மெக்கானிக் டப்பாவின் மூடியை அழுத்தி மூடிக்கொண்டே, “இதுல குடிச்சு யாருக்காவது வாந்திபேதின்னா நாங்க பொறுப்பில்ல” என்றார். “இதுவரைக்கும் பொறுப்பா இருந்தவரு யாருன்னு காட்டுங்க, கும்புட்டுக்கறோம்” என்று கூட்டத்தில் ஒரு பெண் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அவரும் கொஞ்சம் சிரித்துவிட்டுத்தான் போனார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பின்னே, கோயில் முக்கில் பளபளவென்று புது பம்பு நிற்கும்போது இந்தத் துருவை ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும்? சின்னம்மா பிடிவாதக்காரி என்று முடிவு கட்டினேன். “கோயில் பக்கம் போகாத” என்று வந்த அன்றே சொல்லி வைத்திருந்தாள். காரணம் கேட்டதற்கு, “சொன்னா கேளு” என்பதுதான் பதில்.

குறி போட்ட பிறகும் பம்பு தண்ணீர் கொடுத்தது. அதற்குக் குறியெல்லாம் தெரியுமா? கொஞ்ச நாள் கழித்துத்தான் இருமத் தொடங்கியது. அடித்தால் காற்று, இன்னும் அடித்தால் ஒரு வாய்த் தண்ணீர், பிறகு அதுவும் இல்லை. சித்தப்பா கழற்றிப் பார்த்தார். உள்ளே கிண்ணம் மாதிரி இருக்க வேண்டிய தோல் வாஷர் கந்தலாகிக் கிடந்தது.

சின்னம்மா அந்தக் கந்தலை முந்தானையில் முடிந்துகொண்டு அரியலூருக்கு பஸ் ஏறினாள். கடைத்தெருவில் ஒரு கடை விடவில்லை. “இது எந்தக் காலத்துச் சாமான்மா? காயலான் கடையில போய்த் தேடு” என்று ஒருத்தன் சொன்னானாம். தேடியும் இருக்கிறாள். லாரி டியூபை வெட்டிப் போட்டுப் பார்த்தார்கள். ரப்பர் ரெண்டு அடியில் சுருண்டுகொண்டது. பெண்கள் ஓடை மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மொண்டு மொண்டு குடம் நிரப்பினார்கள். ஒரு குடம் நிரம்புவதற்குள் வெயில் ஏறிவிடும்.

அப்போதுதான் செய்தி வந்தது. வெள்ளிக்கிழமை ஜீப் வருகிறது, குறி போட்டதில் ஓடாத பம்புகளையெல்லாம் பிடுங்கிக்கொண்டு போகப் போகிறார்கள் என்று. பிடுங்கிவிட்டால் தெருவுக்கு மிச்சம் அந்த ஊற்று மட்டும்தான்.

அன்று மாலை சித்தப்பா சுண்ணாம்புக்கல் சுரங்க வேலை முடிந்து வந்து சைக்கிளைச் சாத்தினார். சின்னம்மா சைக்கிளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய் அரிவாளை எடுத்து வந்தாள்.

“அடியே, என்ன பண்ணப் போற?”

“சீட்டு. நல்ல மாட்டுத் தோலு.”

“அத அறுத்துட்டா நான் எதுமேல குந்திக்கிட்டுப் போறது?”

“தண்ணி குடிச்சாதான் குந்துறதுக்கு ஒடம்பு இருக்கும். எங்கப்பன் வாங்கிக் குடுத்த சைக்கிளு. நான் அறுக்கிறேன், நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்குங்க.”

அவர் உண்மையிலேயே திரும்பிக்கொண்டார். மறுநாளிலிருந்து சீட்டின் ஸ்பிரிங் மேல் சாக்கைச் சுற்றிக் கட்டி, பாதி நின்றபடி மிதித்துக்கொண்டு போனார். சுரங்கத்தில் கேலி செய்திருப்பார்கள். வீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

தோலை வட்டமாக நறுக்கிக் கடலை எண்ணெயில் ஊறப் போட்டார்கள். ஊறியதும் உழக்கின் அடியில் வைத்து அழுத்தி, மேலே கல்லைத் தூக்கி வைத்தார்கள். கிண்ண வடிவம் வர வேண்டுமாம். தெருவில் ஆளாளுக்கு வந்து கல்லைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போனதால், அது வடிவத்துக்கு வரவே வியாழன் ஆயிற்று.

வெள்ளிக்கிழமை காலையில் சித்தப்பா வேலைக்குப் போகாமல் பம்பை மாட்டிக்கொண்டிருந்தார். எல்லோர் கண்ணும் அங்கே. நான் சின்ன அலுமினியக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கோயில் முக்குக்கு நடந்தேன். ஒரு குடம் நல்ல தண்ணீர் கொண்டுவந்து சின்னம்மாவை அசத்திவிட வேண்டும் என்பது என் திட்டம்.

புது பம்படியில் மூக்குத்தி போட்ட ஒரு அம்மாள் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்.

“யாரு வூட்டுப் புள்ளடா நீ?”

சின்னம்மா வீட்டைச் சொன்னேன். கைப்பிடியைத் தொடப் போனேன்.

“ஐயோ, கைய வைக்காத சாமி. நீ தள்ளி நில்லு, நானே ஊத்துறேன்.”

குடத்தைத் தள்ளி வைக்கச் சொன்னார். தன் குடத்தை உயரத் தூக்கிப் பிடித்து, ஒரு சொட்டு சிந்தாமல் என் குடத்தை நிரப்பினார். நான் தூக்கிக்கொண்டு நகர்ந்ததும், குடம் இருந்த இடத்தில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். எவ்வளவு அன்பு, எவ்வளவு சுத்தம் என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

நான் தெருவுக்குள் நுழையும்போது பம்பைச் சுற்றிக் கூச்சல். வாஷர் மாட்டியாகிவிட்டது. தலையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால்தான் பம்பு பிடித்து இழுக்கும். ஊற்றோ காலையிலேயே வற்றிப்போயிருந்தது. ஏரிக்கரை மேல் ஜீப் புழுதி கிளப்பிக்கொண்டு வந்தது.

சின்னம்மா என் இடுப்பைப் பார்த்தாள். “ஏதுடா இது?”

“புது பம்புத் தண்ணி சின்னம்மா! என்னை அடிக்கவே விடல. ஒரு அம்மா அவங்களே ஊத்துனாங்க. கொடம் வச்ச எடத்தக்கூடக் கழுவிவிட்டாங்க!”

சித்தப்பா ஸ்பானரைக் கீழே வைத்தார். சின்னம்மா குடத்தை என்னிடமிருந்து பிடுங்கி, அத்தனை தண்ணீரையும் பழைய பம்பின் தலையில் கவிழ்த்தாள். நான் ஓவென்று அழுதேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து அடித்தாள், அடித்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தாள். பம்பு இரண்டு முறை கக்கியது. பிறகு பழுப்பாக, எண்ணெய் நாற்றத்தோடு தண்ணீர் கொட்டியது.

ஜீப்பிலிருந்து சங்கிலியோடு இறங்கிய ஆட்கள் அப்படியே நின்றார்கள். மெக்கானிக் கொட்டுகிற தண்ணீரைக் குனிந்து பார்த்தார்.

“யாரும்மா ரிப்பேர் பண்ணது? இதெல்லாம் செல்லாது.”

“செல்லலன்னா தண்ணி ஏன் வருது? ஓடாததத்தான புடுங்கச் சொன்னாங்க? புடுங்கித்தான் ஆகணும்னா என்னையும் சேத்துத் தூக்கி ஜீப்புல போடுங்க. எறங்குற எடத்துல எனக்கும் தண்ணி வேணும், அதையும் பாத்துக்குங்க” என்றாள் சின்னம்மா.

மெக்கானிக் ஜீப்பைத் திரும்பிப் பார்த்தார். உள்ளே இருந்த ஆபீசர் இறங்கவில்லை. வெயிலா, எண்ணெய் நாற்றமா, எதுவோ. ஜீப் திரும்பிப் போனது. அதன் பிறகு அந்தத் தெருவில் எத்தனை சைக்கிள் சீட்டுகள் அறுபட்டனவோ, எனக்குத் தெரியாது. பல வருடம் கழித்து அந்தப் பக்கம் போனபோதும் அதே பம்பைத்தான் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று மாலை சின்னம்மா காலிக் குடத்தை என் முன்னால் வைத்து, “அடிடா” என்றாள். எம்பித் தொங்கி அடித்தேன். பாதிக் குடம் நிரம்புவதற்குள் உள்ளங்கையில் கொப்புளம்.

“நான் அந்தப் பம்புக்கே போறேன். அங்க என்னை ராஜா மாதிரி பாத்துக்கறாங்க.”

சித்தப்பா எழுந்து வெளியே போய்விட்டார். சின்னம்மா என் கொப்புளத்தில் எண்ணெய் தடவினாள். தடவிவிட்டு, அந்தக் கையைத் திரும்பவும் கைப்பிடியில் எடுத்து வைத்தாள்.

“அடி. நீயே அடி.”

அழுதுகொண்டே அடித்தேன். அங்கே ஒரு அம்மாள் என் கை நோகக் கூடாது என்று பம்பைத் தொடவே விடவில்லை. இங்கே சொந்தச் சின்னம்மாவுக்கு அந்த இரக்கம்கூட இல்லையே என்று அன்று இரவு தூக்கம் வரும்வரை விம்மிக்கொண்டிருந்தேன்.