செல்லத்துரை பார்த்த கனம்

செவ்வாய்க்கிழமை காலை ஸ்டூடியோவில் போன் அடித்தது. யாரோ வாடிக்கையாளர் என்று நினைத்து எடுத்தேன். செல்லத்துரையின் மனைவி பொன்னம்மாள், பக்கத்து வீட்டிலிருந்து பேசினார். "அண்ணாச்சி, அவிய போயிட்டாவ" என்றார். ஒரு வருடமாக மூச்சுத்திணறலோடு வீட்டில் கிடந்தவன்தான். ஆனாலும் அவன் போவான் என்று நான் நினைத்ததே இல்லை. ரிசீவரை வைத்துவிட்டுக் கையிலிருந்த பிரஷைக் கழுவினேன். கழுவியதையே மறுபடியும் கழுவிக்கொண்டு நின்றேன்.

கிழக்கேகோட்டையில் பஸ்கள் திரும்பும் இடத்துக்கு எதிர்மாடியில் இருக்கும் எங்கள் ஸ்டூடியோ உங்களில் பலருக்குத் தெரியும். காலமானவர்களின் சின்னப் போட்டோவைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதைப் பார்த்துப் பெரிய எண்ணெய் ஓவியமாக வரைந்து சட்டம் போட்டுத் தருவோம். அறுபதுகளின் நடுவில் நானும் செல்லத்துரையும் அங்கே ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். இருவருக்கும் ஒரே வயது. நான் கோட்டைக்குள் தெருவில் பிறந்து வளர்ந்தவன், வர்ணப் பைத்தியம். அவன் நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்தவன். நெகட்டிவில் பென்சிலால் முகம் திருத்துவதுதான் அவனுக்கு முதலில் கொடுத்த வேலை. ஓவியனான எனக்கு அந்தப் பென்சில்காரனைப் பார்த்தால் கொஞ்சம் இளக்காரம். ஆறு மாதத்தில் முதலாளி அவனையும் தூரிகை எடுக்கச் சொன்னபோது எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த இளக்காரத்துக்குச் சீக்கிரமே பதில் கிடைத்தது. ஒரு ஆசிரியரின் படத்தை வரைந்து முடித்துப் பெருமையோடு திறந்து காட்டினேன். அவருடைய மகன் வெகுநேரம் பார்த்துவிட்டு, "நெறம் கொள்ளாம். பக்ஷே ஆளு இல்லல்லோ" என்று மலையாளத்தில் சொன்னார். நிறம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆளைத்தான் காணோம் என்கிறார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. போட்டோ சரியில்லை, வெளிச்சம் சரியில்லை என்று ஏதேதோ சொல்லிப் பார்த்தேன். அவர் படத்தை எடுத்துக்கொள்ளாமலே படி இறங்கிப் போனார்.

அன்று மாலை செல்லத்துரை என் படத்தை ஸ்டூடியோ கேமராவில் கறுப்பு வெள்ளையில் ஒரு போட்டோ எடுத்தான். பிரிண்ட் போட்டு, ஈரம் சொட்டச் சொட்ட அந்த ஆசிரியரின் பழைய போட்டோவுக்குப் பக்கத்தில் கிளிப்பில் மாட்டினான். பழைய போட்டோவில் கன்னமும் மூக்கும் நெற்றியும் இருந்தன. என் படத்தின் போட்டோவில் இருந்தது தேய்த்த தோசைக்கல். நான் பார்த்துப் பார்த்துப் போட்டிருந்த சிவப்புச் சால்வையும் பின்னால் இருந்த பச்சைத் திரையும் ஒரே சாம்பலாகக் கலந்து கிடந்தன. "ரெண்டுக்கும் ஒரே கனம் வே. பொறவு எப்படிச் சால்வை தனியாத் தெரியும்?" என்றான். ஒரு நிறம் எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு இருட்டு என்பதற்கு அவன் வைத்திருந்த பெயர் கனம். "கண்ணைப் பாதி மூடிப் பாரு. நிறமெல்லாம் போயிரும், கனம் மட்டும் நிக்கும்" என்பான். பாதிக் கண்ணை மூடிக்கொண்டு நான் நாள் முழுக்கப் பஸ் நிலையத்தைப் பார்த்துப் பழகினேன். தூக்கம் வருகிறதா என்று முதலாளி கேட்டார்.

அவனும் அவ்வப்போது என்னிடம் வந்து, "இந்தச் சேலைக்கு நீன்னா என்ன நிறம் போடுவே, சுப்பு?" என்று கேட்பான். என் வர்ண ஞானத்துக்குக் கிடைத்த மரியாதை என்று எனக்கு உச்சி குளிர்ந்து போகும்.

உண்மை தெரிந்தது ஒரு சரஸ்வதி பூஜைக்குப் பிறகு. எங்கள் ஸ்டூடியோவில் வர்ண டியூபுகள், பிரஷ்கள், கேமரா எல்லாவற்றையும் கழுவித் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்துப் பூஜைக்கு அடுக்குவோம். விஜயதசமி அன்று பூஜை எடுத்ததும் எல்லாம் அவரவர் மேஜைக்குத் திரும்ப வேண்டும். செல்லத்துரை ஊருக்குப் போயிருந்ததால் அவன் டியூபுகளையும் நானே அடுக்கினேன். பழைய டியூபுகள், மேலே ஒட்டியிருந்த காகிதம் பாதி கிழிந்தும் பாதி சந்தனத்தில் மறைந்தும் இருந்தன. அவன் வைத்திருந்த வரிசை எனக்கு அசட்டுத்தனமாகத் தெரிந்தது. எனக்குப் பிடித்த வரிசையில் அழகாக வைத்துவிட்டேன். மறுநாள் அவன் வந்ததும் ஒரு வக்கீலின் தகப்பனார் முகத்தை வரைய உட்கார்ந்தான். மத்தியானம் நான் எட்டிப் பார்த்தேன். பெரியவர் நல்ல பச்சையாக இருந்தார்.

"என்னடா செல்லத்துரை, பெரியவருக்குப் பாசி பிடிச்சுடுத்து!" என்று சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. படத்தைப் பார்த்தான், டியூபுகளைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். "எந்த இடத்துல வே?" என்று கேட்டான். என் சிரிப்பு நின்றுவிட்டது. "எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணுதான். பொறந்ததுலேர்ந்தே அப்படித்தான். டியூபு இருக்க இடத்தை வச்சுத்தான் எடுப்பேன். முதலாளிக்குத் தெரிஞ்சா நாளைக்கு எனக்கு வேலை கெடையாது" என்றான்.

படம் எப்படி வருகிறது என்று பார்க்க வக்கீல் நாலு மணிக்கு வருவதாக இருந்தது. படத்தைத் துணியால் மூடினேன். ஐப்பசித் துலா மழையில் வர்ணம் காயவில்லை, இன்னும் ஒரு வாரம் ஆகும் என்று முதலாளியிடம் நானே பொய் சொன்னேன். முகத்தைச் சுரண்டிவிட்டுப் புதிதாக வரையலாம் என்பது என் எண்ணம். ஆனால் கண்ணைப் பாதி மூடிப் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பச்சை போய்விட்டது, பெரியவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். கண்ணுக்குக் கீழே இருந்த தொய்வு, பல் இல்லாத வாயின் குழிவு, எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. பச்சை காய்ந்த பிறகு அதன் மேலேயே மெல்லியதாகச் சிவப்பையும் மஞ்சளையும் ஓட்டினேன். அவன் பக்கத்திலேயே நின்றான். "கனத்தைத் தொடாத வே. அது கெடக்கட்டும். மேல மட்டும் போடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். வர்ணம் என்பது எவ்வளவு சின்ன வேலை என்று எனக்கு அந்த ஒரு வாரத்தில் தெரிந்தது.

வக்கீல் வந்து துணியை விலக்கினார். படத்தின் முன்னால் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். அவர் போன பிறகு முதலாளி எங்கள் இருவரையும் பார்த்து, "இது ஆரு வரைச்சது?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் செல்லத்துரை, "சுப்புதான் சார்" என்றான். "எங்கில் இனி சுப்புவாணு ஹெட் ஆர்ட்டிஸ்ட்" என்றார் முதலாளி. அப்படியென்றால் இனி நான்தான் தலைமை ஓவியன். படத்தின் கீழ் மூலையில் பெயர் எழுதும் உரிமை ஹெட் ஆர்ட்டிஸ்டுக்கு மட்டும்தான். திறக்கப் போன வாயை நான் மூடிக்கொண்டேன். ஏண்டா அப்படிச் சொன்னே என்று பிறகு கேட்டேன். "ரெண்டு பேருன்னு சொன்னா, யாரு எதைச் செஞ்சான்னு கேப்பாரு. விடு வே" என்றான்.

அதன் பிறகு பதினைந்து வருடங்களுக்கு மேல் அப்படியே வேலை செய்தோம். அவன் சாம்பல் நிறத்தில் முகத்தை எழுப்புவான், நான் மேலே நிறம் ஓட்டுவேன், மூலையில் என் பெயரை எழுதுவேன். அவனுடைய ரகசியத்தைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு முதலாளி காலமானார். அவருக்குப் பின் வந்தவர்கள் யார் எதை வரைகிறார்கள் என்று கேட்டதே இல்லை. பயப்பட யாரும் இல்லாத அந்த வருடங்களிலும் என் பெயரை மட்டும்தான் எழுதினேன். உங்கள் வீட்டுச் சுவர்களில் என் பெயரோடு தொங்கும் முகங்கள் எல்லாம் அவன் எழுப்பியவை. இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

எழுதுவதற்கு முன் பொன்னம்மாளிடம் அனுமதி கேட்கப் போனேன். சுற்றி வளைத்துப் பேசினேன். அவருக்கு எல்லாமே தெரிந்திருந்தது. "இனி சொன்னா என்ன அண்ணாச்சி? வேலையையா புடுங்கப் போறாவ?" என்றார். பதினாறாம் நாளுக்கு ஒரு படம் வேண்டும் என்று அவனுடைய போட்டோவைக் கொடுத்தார். அவன் படுத்த பிறகு பழைய படங்களைப் புதுப்பிப்பதோடு நான் நிறுத்திக்கொண்டிருந்தேன். கனத்தையும் நானே பார்த்து வரைந்த முதல் படம் அது. மூலையில் செல்லத்துரை என்று எழுதி, அதன் கீழே என் பெயரை எழுதினேன்.

பொன்னம்மாள் படத்தை ஜன்னலோரம் வைத்துப் பார்த்தார். முகத்தைத் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டார். பிறகு மூலையில் இருந்த பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தார். "இதை அவிய இருக்கும்போதே எழுதியிருக்கலாமே, அண்ணாச்சி" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை.

செல்லத்துரை எனக்கு விட்டுப்போனது கனம் பார்க்கும் கண். அதை அவன் மனதாரக் கொடுத்தான். பொன்னம்மாள் சொன்ன அந்த ஒரு வார்த்தையும் இனி என்னோடு இருக்கும். அதை நானேதான் தேடிக்கொண்டேன்.