கடைசி அத்தியாயம் இல்லாத புத்தகங்கள்

ஆம்ப்ரோஸ் கதைப் புத்தகத்தின் முடிவைத் திருடுகிறவர் என்று பிரேசர் டவுனில் ஒரு பேச்சு உண்டு. கடைசிப் பக்கங்களைக் கிழித்து வைத்துக்கொண்டு அதற்குத் தனி வாடகை கேட்பார் என்றுகூடச் சொன்னார்கள். அவர் காதுபடவே சொன்னார்கள். வருஷக்கணக்காக அந்த எரிச்சல் அவர் நெஞ்சில் கிடக்கிறது. ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் பழி தீர்ந்திருக்கும். சொல்லவில்லை. அந்தப் பெயர் சரளா.

ஆம்ப்ரோஸ் நாலாங்கிளாஸோடு படிப்பை விட்டவர். பைண்டிங் வேலை. பத்திரிகையில் தொடர்கதை வந்தால் வீட்டுப் பெண்கள் வாராவாரம் அந்தப் பக்கங்களை மட்டும் பிரித்துச் சேர்த்து வைப்பார்கள். கதை முடிந்ததும் கட்டு அவரிடம் வரும். தைத்து, பசை தடவி, அட்டை போட்டுக் கொடுப்பார். வாங்க யாரும் வராத கட்டுகள் அலமாரியில் சேர்ந்து சேர்ந்து வாடகைப் புத்தகங்களாகிவிட்டன.

சரளா அடுத்த தெரு. பட்டாளத்துக்குச் சட்டை தைக்கும் கம்பெனியில் மெஷின் மிதிக்கிறவள். ரயில்வே கிளார்க் டென்சிலுக்கு அவளைப் பேசி முடித்து, மாதா கோயிலில் ஓலை வாசிக்க ஆரம்பித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் அறிவிக்க வேண்டும். அதுதான் ஓலை. இரண்டு ஓலை ஆயிற்று. மூன்றாம் ஞாயிறு புதுச் சேலை கட்டிக்கொண்டு அவள் உட்கார்ந்திருக்க, சாமியார் மற்ற ஜோடிகளை வாசித்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். கோலாரில் தங்கச் சுரங்கத்து மேஸ்திரி ஒருவர் நகையும் ரொக்கமுமாகப் பெண் கொடுக்க வந்திருந்தார். டென்சில் முந்தின நாளே போய் ஓலையை நிறுத்தச் சொல்லியிருந்தான். சரளாவிடம் சொல்லத்தான் அவனுக்கு வாய் வரவில்லை. கோயில் மொத்தமும் அவள் முதுகைப் பார்த்தது.

அன்று மத்தியானமே கடைக்கு வந்து படிக்க ஏதாவது கேட்டாள். முகம் வீங்கிக் கிடந்தது. அழுதால் பாரம் இறங்கும் என்று, காதலன் கைவிட்ட பெண் காசநோயில் சாகிற கதையை எடுத்துக் கொடுத்தார். மறுநாள் அது தொப்பென்று அவர் மேஜையில் விழுந்தது.

"இவ எதுக்கு மாமா சாவணும்? தப்பு பண்ணவன் ஜம்முனு இருக்கான்."

அடுத்து, கன்னிமடத்தில் சேருகிறவள் கதையைக் கொடுத்தார். மறுநாளே அதைப் பசைச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நேராக அலமாரிக்குப் போனாள். அன்றிலிருந்து புத்தகம் எடுக்கிற வேலையை அவரிடம் விடவில்லை. நின்றபடியே கடைசி அத்தியாயத்தைத்தான் முதலில் படிப்பாள். பெண் செத்தால் வேண்டாம். மடத்துக்குப் போனால் வேண்டாம். விட்டுப்போனவன் திரும்பி வந்து, இவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனையே கட்டிக்கொண்டால், அந்தப் புத்தகத்தைத் தலைகீழாகச் செருகிவிட்டு வருவாள். முடிவைப் படித்துவிட்டால் அப்புறம் கதையில் என்ன இருக்கிறது என்று ஆம்ப்ரோஸ் முணுமுணுத்தார். முடிவு தெரியாமல் போய் உட்கார்ந்து ஒரு தடவை பட்டது போதும் என்றாள்.

இப்படிக் கழித்ததில் மிஞ்சியது கொஞ்சம்தான். துப்பறியும் கதைகள், புலி வேட்டை, கப்பலில் ஊர் சுற்றியவர் எழுதியது, கோழி வளர்ப்பு. கோழி வளர்ப்பைத் திரும்பவும் எடுத்துப் போனாள்.

"இதுல எவனும் எவளையும் ஏமாத்தல."

மழைக்காலம் முடிவதற்குள் கோலார் சம்பந்தம் முறிந்தது. டென்சிலின் அம்மா ஆரோக்கியம்மா சரளாவைத் தேடி நேராகக் கடைக்கே வந்தாள். அவளும் அங்கே புத்தகம் எடுக்கிறவள்தான். பையன் புத்தி கெட்டுப் போயிருந்தான், இப்போது திருந்திவிட்டான், எங்கள் வீட்டு மருமகள் நீதான் என்று கையைப் பிடித்துக்கொண்டாள். தெருவே அழுதுகொண்டு படித்த ஒரு தொடர்கதையை அலமாரியில் காட்டினாள்.

"அதுல அந்தப் பொண்ணு மன்னிக்கல? நீயும் படிச்சவதானேடி."

சரளா கையை உருவிக்கொண்டாள். வாயைத் திறக்கவில்லை. அந்தப் புத்தகத்தை மட்டும் எடுத்துப் போனாள்.

திரும்பி வந்தபோது அதில் கடைசி அத்தியாயம் இல்லை. தையற்காரி கத்திரி, வெட்டியது தெரியாத மாதிரி வெட்டியிருந்தது. தலைகீழாகச் செருகியிருந்த மற்றவையும் ஒவ்வொன்றாக அவளோடு போய், முடிவில்லாமல் வந்தன. ஆம்ப்ரோஸுக்கு ரத்தம் கொதித்தது.

"ஏண்டி, என் பொழப்புல மண்ணப் போடவா பொறந்த?"

"மத்ததெல்லாம் அப்படியே இருக்கு மாமா. அந்தப் பொண்ணு கோவமா இருக்கிற வரைக்கும் நல்ல கதைதான்."

காசு கொடுத்து எடுத்துப்போன பெண்கள் சண்டைக்கு வந்தார்கள். பூச்சி அரித்துவிட்டது என்றார். பூச்சி கோடு போட்டு அரிக்குமா என்று கேட்டார்கள். அவர் குனிந்து பசையைக் கிளறினார்.

இதற்கிடையில் ஆரோக்கியம்மா ஒரு காரியம் செய்தாள். ஆறு மாசம் தாண்டினால் வாசித்த ஓலை செல்லாது. மறுபடி முதலிலிருந்து வாசிக்க வேண்டும். இன்னும் நாள் இருந்தது. சரளா எதிர்த்துப் பேசாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, சரளாவின் அம்மாவையும் தலையாட்ட வைத்து, மூன்றாவது ஓலைக்குச் சாமியாரிடம் சொல்லிவிட்டாள். பெண்ணை ஒரு வார்த்தை கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

ஞாயிறு பூசையில் பிரசங்கம் முடிந்து சாமியார் இரண்டு பெயரையும் வாசித்தார். தடை தெரிந்தவர்கள் அறிவிக்கும்படி சொன்னார். அதை யாரும் காதில் வாங்குவதில்லை. பெண்கள் பக்கத்தில் முக்காட்டோடு ஒருத்தி எழுந்து நின்றாள். கதவோரம் நின்றிருந்த ஆம்ப்ரோஸ் எட்டிப் பார்த்தார்.

"தடை இருக்கு சாமி."

கோயிலுக்குள் பெண் குரல் பாடும்போதுதான் கேட்கும். சாமியார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, என்ன தடை என்றார்.

"பொண்ணுக்கு இஷ்டமில்ல. நான்தான் பொண்ணு."

சொல்லிவிட்டு அவள் ஓடவில்லை. உட்கார்ந்தாள். பூசை முடிகிற வரைக்கும் இருந்தாள். முழங்கால் போட வேண்டிய இடத்தில் போட்டாள். டென்சில்தான் பாதியில் எழுந்து போனான்.

அதன்பிறகு அவள் அம்மா ரொம்ப நாள் அவளோடு பேசவில்லை. அவளைக் கேட்டு ஒரு வரனும் வரவில்லை. ஆம்ப்ரோஸ் கடைப் புத்தகம்தான் பெண்ணைக் கெடுத்தது என்று ஆரோக்கியம்மா வீடு வீடாகச் சொன்னாள். முடிவே இல்லாத புத்தகம் என்று திட்டிய அதே வாய்தான். எந்தப் பக்கத்தில் கெட்டாள் என்று கேட்கலாம் என்று அவருக்கு நாக்கு நுனி வரை வந்தது. சரளாவுக்கு இருக்கிற பேச்சு போதாதென்று பக்கம் வெட்டிய பழியையும் ஏற்றவேண்டாம் என்று விழுங்கிக்கொண்டார். சரளா மட்டும் சனிக்கிழமை தவறாமல் வந்தாள். தெருவைப் பார்த்து ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, போகிற வருகிறவர்கள் பார்க்கப் படித்தாள்.

வருஷங்கள் கழித்து ஆவடியில் பட்டாளத்துத் துணி தைக்கப் புது பாக்டரி வந்தது. சரளாவுக்கு அங்கே வேலை கிடைத்தது. ரயிலுக்குப் போகிற வழியில் டிரங்குப் பெட்டியை ஜட்கா வண்டியில் விட்டுவிட்டு, துணியில் சுற்றிய ஒரு கட்டோடு கடைக்குள் வந்தாள். பிரித்துப் பார்த்தால் அத்தனையும் கடைசி அத்தியாயங்கள். ஒரு பக்கம்கூட மடங்கவில்லை. ஆம்ப்ரோஸுக்கு உயிர் வந்தது. அன்றைக்கே எல்லாவற்றையும் ஒட்டித் தன் பெயரைக் கழுவிக்கொள்ளலாம் என்று பசைச் சட்டியை இழுத்தார்.

அவள் சட்டியை நகர்த்தி வைத்தாள்.

"ஒட்டாதீங்க மாமா. எல்லாத்தையும் சேத்து ஒரே புஸ்தகமா தைச்சு ஆரோக்கியம்மா வீட்ல குடுத்துடுங்க. அவங்களுக்கு முடிவு மட்டும்தானே வேணும்."

புத்தகத்தின் முதுகில் என்ன பெயர் போடுவது என்று எரிச்சலோடு கேட்டார்.

"மூணாவது ஓலைன்னு போடுங்க. தங்க எழுத்துல."