செயின் கவரில் ஒட்டிய ஸ்டிக்கர்

சைக்கிளின் பின்சக்கரத்துக்கு டயர் வாங்க உத்திரமேரூர் போன நான், அந்தப் பணத்தைச் சென்னையிலிருந்த ஒரு சங்கத்துக்கு மணியார்டர் பண்ணிவிட்டு வந்தேன். பத்து நாள் கழித்துத் தபாலில் அட்டை வந்தபோதுதான் நைனாவுக்கு விஷயம் தெரிந்தது.

"இன்னாடா இது?"

"உறுப்பினர் அட்டை, நைனா. இதக் காட்டினா ஒரு வருசத்துக்கு நாட்டுல கீற பழைய கோட்டை, குகை, கோயிலு எல்லாத்தையும் சும்மாவே பாக்கலாம்."

"டயரு?"

நான் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"கோயிலுக்குள்ள போவ எவன்டா துட்டு கேட்டான்? செருப்பு வுடற எடத்துலதான் கேக்கறான். அதுக்கு இந்த அட்ட செல்லுமா?"

செல்லாது. அகராதியை வைத்துக்கொண்டு பின்பக்கம் முழுக்கப் படித்திருந்தேன். உறுப்பினர்கள் காரை நிறுத்த இலவச இடம். நெடுஞ்சாலை ஓட்டல்களில் சலுகை. காரின் முன் கண்ணாடியில் ஒட்ட, கோபுரப் படம் போட்ட வட்டமான ஸ்டிக்கர் ஒன்று. எங்கள் வீட்டில் கண்ணாடி என்று இருந்தது முகம் பார்க்கும் கண்ணாடி மட்டும்தான். ஸ்டிக்கரை வீணாக்க மனமில்லாமல் சைக்கிள் செயின் கவரில் ஒட்டினேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதோடு நிற்காமல் காஞ்சிபுரம் போய் வரலாற்றில் பி.ஏ.யும் முடித்தேன். படிப்பு முடிந்த பிறகு அதைப் பற்றிப் பேச ஆள் கிடைக்கவில்லை. சாலவாக்கத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில், சோழன் என்றால் எந்தத் தெருவில் இருக்கிறான் என்று கேட்பார்கள். நூலகத்துப் பேப்பரில் அந்தச் சங்கத்தின் அறிவிப்பைப் பார்த்ததும், நமக்கென்று நாலு பேர் சென்னையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தோன்றிவிட்டது.

விண்ணப்பம் சுலபமாகத்தான் இருந்தது. உத்திரமேரூர்க் கல்வெட்டில் சபைக்கு நிற்கிறவனுக்கு நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது முப்பத்தைந்து ஆகியிருக்க வேண்டும் என்றெல்லாம் வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் நான் தெருவோடு நிற்க வேண்டியவன். சங்கத்துக்காரர்கள் பெயர், விலாசம், வாகன எண் இவ்வளவுதான் கேட்டார்கள். சைக்கிளும் வாகனம்தானே? பஞ்சாயத்தில் வரி கட்டினால் தருவார்களே ஒரு தகரப் பில்லை, அதிலிருந்த எண்ணைப் பார்த்து அழகாக எழுதி அனுப்பினேன்.

அட்டை கைக்கு வந்த சூட்டோடு மகாபலிபுரம் போனேன். மூன்று பஸ் மாற வேண்டியிருந்தது. ஐந்து ரதத்தில் இரண்டரை பார்ப்பதற்குள் திரும்பும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

"மீதி ரெண்டரை அடுத்த வருசமா?" என்றார் நைனா. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "தோ பாரு. பங்குனியோட உன் அட்ட முடியுதில்ல? அதுக்குள்ள ஒருநாளு, ஒரே ஒருநாளு, இது ஒதவுச்சுன்னு காட்டு. அடுத்த வருசமும் கட்டிக்க. இல்லன்னா டயருதான், அட்ட கிடையாது."

அதற்குப் பிறகு ஒரு மழைக்காலம் போனது. அறுவடை போனது. அட்டை டிரங்குப் பெட்டியில் வேட்டிக்கு அடியில் கிடந்தது. தேய்ந்த டயரோடு உத்திரமேரூர் தாண்டிப் போகத் துணிச்சல் வரவில்லை.

மாசியில், ஒரு வெள்ளிக்கிழமை, சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. சென்னை உறுப்பினர் ஒருவர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியை, ஞாயிறு காலை ரயிலில் பழையசீவரம் வந்து இறங்குகிறார். அவருக்குச் சொந்த வாகனம் இல்லை. அந்த வட்டாரத்தில் வாகனம் உள்ள ஒரே உறுப்பினர் தாங்கள்தான் என்பதால் அவரைத் தங்கள் வண்டியில் அழைத்துச் சென்று மலைக்கோயிலையும் சுற்றுவட்டாரத்தையும் காட்டும்படி கேட்டுக்கொள்கிறோம். தங்கள் வண்டியில் உள்ள ஸ்டிக்கரைப் பார்த்து அடையாளம் கண்டுகொள்வார்.

நான் பதில் எழுதிப் போட்டாலும் அவர் ஊருக்குத் திரும்பின பிறகுதான் போய்ச் சேரும்.

"நைனா, அவங்க எனக்குக் காரு கீதுன்னு நெனச்சிக்கினு கீறாங்க."

நைனா மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தார். கையை உதறிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உன்னப் பாத்துமா?"

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்பே கிளம்பி, பாலாற்று மணலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அக்கரை ஏறினேன். அப்போது அங்கே பாலம் கிடையாது. ஸ்டேஷன் வாசலில் சைக்கிளை நிறுத்தி, ஸ்டிக்கரை மறைத்தபடி முன்னால் நின்றேன். ரயிலிலிருந்து குடையும் கான்வாஸ் பையுமாக ஓர் அம்மாள் இறங்கினார். வெளியே வந்து இடமும் வலமும் பார்த்தார். ஒரு மாட்டு வண்டி, ஒரு ஜட்கா, நான்.

"ஏம்பா, இங்க ஸ்டிக்கர் ஒட்டின கார் ஏதாவது வந்துச்சா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. காலை நகர்த்தினேன். அவர் குனிந்து செயின் கவரைப் பார்த்தார். பிறகு தகரப் பில்லையைப் பார்த்தார். பையிலிருந்து, சங்கம் தனக்கு எழுதிய கடிதத்தை எடுத்து அதிலிருந்த எண்ணோடு ஒத்துப் பார்த்தார்.

"நம்பர் சரியா இருக்கு" என்றார்.

"டீச்சர், நான் ஏமாத்தணும்னு எழுதல."

"நீ ஏமாத்தல. சைக்கிள் வாகனம் இல்லேன்னு பாரத்துல போட்டிருந்தானா? சரி, மலைக்கு எத்தனை படி? அதுல கார் ஏறுமா?"

"ஏறாது, டீச்சர்."

"அப்ப கார் இல்லேன்னு எதுக்கு இப்படி முழிக்கிறே?"

பையும் குடையும் கேரியரில் ஏறின. நாங்கள் நடந்தோம். மலைமேல் நரசிம்மரைச் சேவித்துவிட்டுத் திரும்பினால், கீழே மூன்று ஆறும் கூடுகிற இடம் வெள்ளை மணலாக விரிந்து கிடந்தது. எதிர்க்கரையில் திருமுக்கூடல் கோபுரம்.

"நாலு வருஷமா மத்த உறுப்பினர்கள் காரில்தான் வரேன்" என்றார் டீச்சர். "ஒவ்வொரு தடவையும் இங்க நின்னு அதைக் காட்டுவாங்க. சுத்திக்கிட்டுப் போகணும், நேரமில்லேன்னு ஏறி உக்காந்துடுவாங்க. அந்தச் சுவத்துல ஆஸ்பத்திரிக் கல்வெட்டு இருக்காமே?"

"இருக்கு. நேரா ஆத்துல எறங்கினா அரை மணி நேரம்."

"நடந்தா?"

"காஞ்சிபுரத்துப் பெருமாளே பொங்கலுக்கு இந்த மணல்லதான் போறாரு, டீச்சர்."

"அவரைத் தூக்க ஆள் இருக்கு" என்றபடி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

திருமுக்கூடலில் காவல்காரரிடம் அட்டையை நீட்டினேன். என் வாழ்க்கையில் அதை நீட்டியது அதுதான் இரண்டாம் தடவை. அவர் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். "ரேஷன் கார்டா? இதெல்லாம் எதுக்கு, உள்ள போங்க. யாரு வேணாம்னா?"

கல்வெட்டுக்கு முன்னால் டீச்சர் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். அந்தக் காலத்து ஆஸ்பத்திரி, அதில் வேலை பார்த்தவர்கள், மருந்துகள் என்று படித்ததையெல்லாம் மூச்சு விடாமல் சொன்னேன். பி.ஏ. முடித்து இரண்டு வருஷத்தில் நான் சோழனைப் பற்றிப் பேச, ஒருவர் இடையில் எழுந்து போகாமல் கேட்டது அன்றைக்குத்தான்.

"எல்லாம் சரி. கால் வலிக்கு எந்த மருந்து, அதைக் காட்டு" என்றார்.

வெளியே வந்து சைக்கிளை எடுத்தேன். நாலடி உருட்டியதும் புஸ்ஸென்று ஒரு சத்தம். வேலிக்காத்தான் முள், தேய்ந்த டயரைத் தாண்டி டியூபுக்குள் போயிருந்தது. உச்சி வெயில். அவர் சாயங்கால ரயிலைப் பிடிக்க வேண்டும். கால் கொப்பளித்திருந்ததை அவர் புடவையால் மறைத்துக்கொண்டிருந்ததையும் பார்த்துவிட்டேன். அந்தக் காலோடு மணலை எப்படித் தாண்டுவார்? கேரியரில் உட்கார வைத்துத் தள்ளவும் இனி வழியில்லை. நைனா சொன்னது சரிதான், டயரே வாங்கியிருக்கலாம் என்று நினைத்தேன்.

அப்போது எங்கள் ஊரிலிருந்து ஆற்றுக்கு வரும் பாதையில், ஆலமரத்தடியில் மாட்டுச் சலங்கை கேட்டது. எங்கள் வண்டி. எங்கள் மாடு. வண்டியில் நைனா, எங்கேயோ பார்த்துக்கொண்டு.

"நைனா! நீ எங்க இங்க?"

"வூட்டுத் தரைக்கு மணலு அள்ள வந்தேன்."

வண்டிக்குள் எட்டிப் பார்த்தேன். மண்வெட்டி இல்லை, கூடை இல்லை. வைக்கோலைப் பரப்பி, மேலே கல்யாணத்துக்கு மட்டும் எடுக்கும் ஜமுக்காளத்தை விரித்திருந்தார்.

"மண்வெட்டி எங்க நைனா?"

"டயரு எங்கடா?" என்றார். பிறகு டீச்சர் பக்கம் திரும்பி, "ஏறிக்கங்கம்மா. இவன் இப்டிதான், பேஜாரு புடிச்சவன்."

டீச்சரும் நானும் பஞ்சரான சைக்கிளும் ஏறினோம். ஆற்று மணலில் வண்டி ஆடி ஆடிப் போனது. "உங்க பிள்ளை நல்லா சொல்லிக் கொடுக்கிறார். அடுத்த வருஷம் நாலு பேரைக் கூட்டிட்டு வரேன், இவர்தான் காட்டணும்" என்றார் டீச்சர். நைனா மாட்டின் வாலை முறுக்கினார். மாடு தேவையில்லாமல் ஓடியது.

பங்குனியில் புதுப்பிக்கும் படிவம் வந்தது. நான் அதை எடுக்கவே பயந்துகொண்டிருந்தேன். நைனாவே பெட்டியிலிருந்து எடுத்து வந்து முன்னால் போட்டார்.

"அந்த வண்டி நம்பரு கேக்கற எடம் எங்க கீது?"

காட்டினேன்.

"சைக்கிளு நம்பர எழுதாத. அது வழியில பூடும். பஞ்சாயத்துல நம்ம மாட்டு வண்டிக்கும் ஒரு நம்பரு குடுத்துக்கீறான் பாரு, அத எழுது." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "நாலு பேரு ஒக்காரலாம்னும் எழுது."