இரண்டு பேர் அனுப்பிய ஒருவர்

ஒருவர் ஒருமுறை சொன்ன 'சரி' எவ்வளவு காலத்துக்குச் செல்லும்? சொன்னவரே மறந்துவிட்ட பிறகும் அது எங்கோ உயிரோடு இருந்து தன் வேலையைச் செய்துகொண்டிருக்குமா? ஆறுமாசத்தின் வாழ்க்கையைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி வராமல் போகாது.

ஆறுமாசம் என்பது குடியிருப்பில் அவருக்கு விழுந்த பெயர். எந்த ஆலைக்குப் போனாலும் அவருக்குக் கிடைப்பது ஆறுமாத ஒப்பந்தம்தான். குழாய்களிலும் கொதிகலன்களிலும் மாட்டியிருக்கும் அழுத்தமானிகளைக் கழற்றி, சரியான அளவு காட்டுகின்றனவா என்று சோதித்து, திருத்தித் திரும்ப மாட்டுவது அவர் தொழில். "ஆறு மாசத்துல அங்க இருக்கிற மீட்டர் எல்லாம் உண்மை பேச ஆரம்பிச்சிடும். அப்புறம் நமக்கு அங்க என்ன வேலை?" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். பெரிய கெட்டிக்காரர் என்று சொல்ல முடியாது. கவனமானவர், அவ்வளவுதான். அந்தத் தொழிலுக்கு அது போதும்.

வேலை பிடித்துத் தர மூன்று ஏஜென்டுகள் இருந்தார்கள். வேகமாகப் பேசும் இளைஞருக்கு வீட்டில் புயல் என்று பெயர். எதைக் கேட்டாலும் நாளைக்குச் சொல்கிறேன் என்பவருக்குப் பெயர் நாளைக்கு. மூன்றாவது, மருந்துக்கடைக்கு மேல் ஒற்றை அறையில் ஆபீஸ் வைத்திருந்த வயதான பெண்மணி. முன்பு பள்ளியில் பாடம் எடுத்தவர் என்பதால் டீச்சர். ஐம்பதைத் தாண்டிய ஆறுமாசத்தைத் தம்பி என்று கூப்பிட அவருக்கு மட்டும் உரிமை இருந்தது. மூன்று பேரில் ஒருவருக்கு இன்னொருவர் இருப்பது தெரியும். ஆனால் தெரியாததுபோல் நடந்துகொள்வார்கள். ஆறுமாசமும் அப்படியே நடந்துகொள்வார். "மூணு மாமியார் இருக்கிற மாப்பிள்ளை" என்பார் அவர் மனைவி. ஒரு போன் முடிவதற்குள் இன்னொன்று அடித்தால், "போங்க, அடுத்த மாமியார் கூப்பிடுறாங்க."

அந்த உலகத்துக்கு ஒரு நடைமுறை உண்டு. கம்பெனியின் பெயரை ஏஜென்ட் முதலில் சொல்லமாட்டார். சொன்னால் ஆள் நேரே போய்க் கதவைத் தட்டிவிடுவான் என்று பயம். 'ஒரு பெரிய இடம், உங்க பேரை அனுப்பட்டுமா?' என்று மட்டும் கேட்பார். கம்பெனிக்காரர்களுக்கு வேறொரு பயம். ஒரே ஆளை இரண்டு ஏஜென்டுகள் அனுப்பினால் கமிஷன் யாருக்கு என்று சண்டை வரும். அதனால் இரண்டு வழியாக ஒரு பெயர் வந்தால், அந்தப் பெயரையே தூக்கிப் போட்டுவிடுவார்கள். ஆள் எப்படி என்று பார்க்கமாட்டார்கள். ஒப்பந்த வேலைக்காரர்கள் இந்த இரண்டு பயங்களுக்கும் நடுவில், கயிற்றின் மேல் நடப்பதுபோல் நடக்கவேண்டும்.

ஆறுமாசம் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். பெயரைக் கேட்கமாட்டார். "ஒப்பந்த ஆளுங்களுக்கு என்ன கலர் ஹெல்மெட் குடுப்பாங்க?" என்று கேட்பார். அதை மறைக்க வேண்டும் என்று எந்த ஏஜென்டுக்கும் தோன்றாது. மஞ்சள் என்றால் காகித ஆலை. நீலம் என்றால் துறைமுகத்துக் கிடங்கு. நிறம் தெரிந்ததும் யாருக்குச் சரி சொல்வது, யாருக்கு வேண்டாம் சொல்வது என்று மனதில் கணக்குப் போட்டுக்கொள்வார். பல வருடம் அந்தக் கணக்கு தப்பவில்லை.

அவர் மனைவி வீட்டிலேயே துணி தைத்துக்கொண்டிருந்தவர். நுரையீரல் சுருங்கிப்போகும் நோய் வந்தபின் தையல் மெஷின் மூலைக்குப் போய், அது இருந்த இடத்துக்கு ஆக்சிஜன் மெஷின் வந்தது. பகலில் மனைவியின் தங்கை வந்து பார்த்துக்கொள்வார். டாக்டர் மருந்தைப் பற்றிப் பேசினார், படுக்கையைப் பற்றிப் பேசினார், ஜன்னலைத் திறந்து வைப்பதைப் பற்றிக்கூடப் பேசினார். அடுத்த வருடத்தைப் பற்றி மட்டும் பேசவில்லை.

"என்னங்க" என்றார் ஒருநாள் மனைவி. "இந்தத் தடவை சாயங்காலம் வீட்டுக்கு வர்ற மாதிரி வேலையாப் பாருங்க."

கல்யாணம் ஆனதிலிருந்து அவர் எந்த வேலைக்குக் கிளம்பினாலும், 'சரி, போயிட்டு வாங்க' என்று வாசல் வரை வந்தவர். இது வேண்டும் என்று ஒன்றைக் கேட்டது அப்போதுதான்.

"பாக்குறேன்."

"பாக்குறேன்னா நாளைக்குக்காரர் மாதிரி பாக்கக்கூடாது. நிஜமாப் பாக்கணும்."

பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ரசாயன ஆலை இருந்தது. வீட்டு வாசலில் பஸ் ஏறினால் அதன் கேட்டில் இறங்கலாம். அங்கே ஆள் எடுத்தால் நன்றாக இருக்கும் என்று அவர் காத்திருந்தபோது புயல் கூப்பிட்டார்.

"அண்ணே, ஒரு இடம் வந்திருக்கு. உங்களுக்குன்னே செஞ்சு வச்ச மாதிரி. எனக்குச் சாயங்காலத்துக்குள்ள பதில் வேணும். இல்ல இல்ல, இப்பவே வேணும்."

"மூச்சு விடுப்பா. ஹெல்மெட் என்ன கலர்?"

"பச்சைண்ணே. எல்லார்ட்டயும் இதையே கேக்குறீங்களாமே, கலர் பிடிக்கலைன்னா போகமாட்டீங்களா?"

பச்சை என்றால் பாலத்துக்கு அந்தப் பக்கம். அவர் சரி என்றார். போனை வைத்த கையோடு நாளைக்குக்காரரைக் கூப்பிட்டு, பச்சை ஹெல்மெட் எது வந்தாலும் என் பெயரை அனுப்பவேண்டாம் என்றார். நாளைக்குக்காரர் ஒத்துக்கொண்டார். மனைவியிடம் போய்ச் சொன்னார். அவர் சிரித்து, சிரித்ததில் இருமி, இருமல் அடங்கியதும், "பஸ்ல ஜன்னல் சீட்டுப் பிடிங்க. பாலத்துல காத்து வரும்" என்றார்.

டீச்சரைக் கூப்பிடவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. தோன்றாததற்குக் காரணம் இருந்தது. டீச்சர் எந்த வேலைக்கும் அவரைக் கேட்டதில்லை. வெகுகாலம் முன்பு, வேலையே இல்லாமல் அலைந்த ஒரு வருடத்தில், வேறு யாரும் போனை எடுக்காதபோது டீச்சர்தான் ஓர் இடம் பிடித்துக் கொடுத்தார். அன்றைக்கு நன்றி தாங்காமல் அவர் சொல்லிவிட்டார்: "இனிமே என்னைக் கேக்கவே வேணாம் டீச்சர். எது வந்தாலும் அனுப்பிடுங்க." டீச்சர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். எங்கே வேண்டுமானாலும் போகத் தயாராக இருந்த ஆளுக்கு அதனால் ஒரு கெடுதலும் வந்ததில்லை. மற்ற இருவரும் கேட்பார்கள், அவர் யோசிப்பார். டீச்சர் கேட்கமாட்டார், அதனால் அவரைப் பற்றிய யோசனையும் வராது.

பச்சை ஹெல்மெட் வேலை டீச்சரின் மேஜைக்கும் வந்திருந்தது. அவர் வழக்கம்போல அனுப்பிவிட்டார்.

மறுநாள் புயல் கூப்பிட்டபோது பேச்சில் 'அண்ணே' இல்லை. "எத்தனை பேர்ட்ட சார் பேரைக் குடுத்து வச்சிருக்கீங்க? இப்படிப் பண்ணினா எங்க மூஞ்சியை எங்க வச்சுக்கிறது?"

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் போனை வைத்துவிட்டு அதே பஸ்ஸில் ஏறிப் போனார். கேட்டில் நின்று, முன்பு வேறோர் ஆலையில் கூட வேலை பார்த்த சூப்பர்வைசரை வரச் சொல்லிக் கேட்டார். அந்த மனிதர் வெளியே வந்தார். பச்சை ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"உங்களை விட்டா எனக்கு யாரு? நான்தான் உங்க பேரை மேல கொண்டுபோனேன். ரெண்டு பக்கத்துலேர்ந்து வந்திருக்குன்னு ஆபீஸ்ல கிழிச்சுட்டாங்க."

"ஒருத்தரை வாபஸ் வாங்கச் சொல்றேன்."

"வாங்கினாலும் பின்னாடி வக்கீல் நோட்டீஸ் வரும்னு பயப்படுறாங்க. ஏற்கெனவே பட்டிருக்காங்க." ஹெல்மெட்டைத் தலையில் வைத்துக்கொண்டு, "வேற ஆளைச் சொல்லிட்டாங்க. மனசுல வச்சுக்காதீங்க" என்றார்.

அங்கிருந்து மருந்துக்கடைப் படியேறினார். டீச்சர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "வாங்க தம்பி, நல்ல இடத்துக்கு அனுப்பியிருக்கேன்" என்று ஆரம்பித்தார். அவர் உட்காராமலே சொன்னார். டீச்சரின் முகம் மாறியது.

"நீங்கதானே கேக்க வேணாம்னீங்க?"

"ஆமா டீச்சர்."

"பக்கத்துலயே வேணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா... அப்படி என்ன அவசரம், பக்கத்துல?"

மனைவிக்கு உடம்பு சரியில்லை என்பதை அவர் எந்த ஏஜென்டிடமும் சொன்னதில்லை. வீட்டில் நோயாளி இருந்தால் இவன் பாதியில் ஓடிவிடுவான் என்று ஒதுக்கிவிடுவார்கள். டீச்சரிடமும் அன்றுதான் சொன்னார். டீச்சர் போனை எடுத்து ஆலைக்குக் கூப்பிட்டார். என் பெயரில் வந்ததைக் கிழித்துவிடுங்கள், எனக்குக் கமிஷன் வேண்டாம், எழுதித் தருகிறேன் என்றார். அந்தப் பக்கம் பேசியவர் மரியாதையாகத்தான் மறுத்தார். டீச்சர் போனை வைத்தபின் கைகளை மேஜைக்குக் கீழே இழுத்துக்கொண்டார்.

வீட்டில் மனைவி எல்லாவற்றையும் கேட்டார். மூக்கில் குழாய் இருந்தது. ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மெஷின் ஒருமுறை பெருமூச்சு விட்டது.

"ரெண்டு பேரும் உங்களை அனுப்பிட்டாங்களா?"

"ஆமா."

"அப்ப நீங்க ரெண்டு பேராப் போயிருக்கலாம்ல? ஒருத்தர் அங்க. ஒருத்தர் இங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். மனைவி அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, "சும்மா சொன்னேன்" என்றார். கையை விடவில்லை.

இன்னொரு இடம் வரும் என்று சில வாரங்கள் பார்த்தார்கள். பக்கத்தில் எதுவும் வரவில்லை. மெஷினுக்கு வாடகை கட்டவேண்டும். நாளைக்குக்காரர் ஓர் இடம் சொன்னார். ஒரு பகல் முழுக்க ரயிலில் போகவேண்டிய எண்ணெய் ஆலை. அவர் கிளம்பியபோது மனைவியால் வாசலுக்கு வரமுடியவில்லை. கட்டிலில் இருந்தபடியே தங்கையிடம், "மாமா துண்டு எடுத்துக்கிட்டாரான்னு பாரு" என்றார்.

அந்த ஆலையில் உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. தீப்பொறிக்குப் பயந்து, கேட்டிலேயே ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்து போனார். அடுத்தமுறை வருவதற்கு முன்பே, ஒரு வேலைநாளில், அவர் தொட்டியின் உச்சியில் அழுத்தமானியைத் திருகிக்கொண்டிருந்த நேரத்தில், மனைவிக்கு மூச்சு முட்டியது. தங்கை திரும்பத் திரும்பப் போன் செய்தார். மனைவி போனைத் தன் காதில் வைக்கச் சொன்னாராம். மணி அடிப்பதைக் கேட்டுக்கொண்டே இருந்தாராம். பூட்டிய பெட்டிக்குள் அது அடித்து அடித்து ஓய்ந்தது. சாயங்காலம் அவர் பெட்டியைத் திறந்து போனைப் பார்த்தார். பக்கத்தில் கைகழுவிக்கொண்டிருந்தவர்கள் ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டார்கள்.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் போனபின், மாடிப்படித் திருப்பத்தில் ஒரு வயதான அம்மாள் நிற்பதை மச்சினிச்சி பார்த்தார். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை. சுவரில் ஒரு கையை ஊன்றியபடி வெகுநேரம் நின்றார்.

"யாரு மாமா அவங்க?"

"வேலை பிடிச்சுக் குடுக்குறவங்க."

"அந்த ரெண்டாவது ஆளா?"

அவர் தலையசைத்தார். மச்சினிச்சி எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். அவர் தடுக்கவில்லை.

சில வாரம் கழித்துப் புயல் கூப்பிட்டார். வேகம் குறைந்திருந்தது. "அண்ணே, கேள்விப்பட்டேன். அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. பாலத்துக்கு அந்தப் பக்கம் எடுத்த ஆள் நிக்கலையாம். உங்களையே கேக்குறாங்க. இந்தத் தடவை என் மூலமா மட்டும்தான். பேரைக் குடுக்கட்டுமா?"

"வேணாம்ப்பா. இனிமே எதுக்கும் என் பேரைக் குடுக்காதே."

நாளைக்குக்காரரையும் கூப்பிட்டு அதையே சொன்னார். "நாளைக்கு எடுத்துடறேன் சார்" என்றார் அவர்.

பிறகு சட்டையை மாற்றிக்கொண்டு மருந்துக்கடைப் படியேறினார். அவரைப் பார்த்ததும் டீச்சர் எழுந்து நின்றார். திட்டு வாங்கத் தயாரானவர்கள் நிற்பதுபோல் நின்றார். அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"மத்த ரெண்டு பேரையும் விட்டுட்டேன் டீச்சர். இனிமே நீங்க மட்டும்தான். அன்னைக்கு நான் சொன்ன சொல் அப்படியே இருக்கட்டும்."

"தம்பி, யோசிச்சுத்தான் பேசுறீங்களா?"

"என்ன வேலை இருக்கு?"

டீச்சர் மேஜையில் இருந்த காகிதங்களைப் புரட்டினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி புரட்டினார். "தூரம்தான் இருக்கு" என்றார்.

"எப்பக் கிளம்பணும்?"

மச்சினிச்சி பிறகு பலமுறை கேட்டார். கோபமாகவும் கேட்டார், அழுதுகொண்டும் கேட்டார். "உங்களுக்கு வேற ஆளே கிடைக்கலையா மாமா?" அவர் பையில் துண்டை மடித்து வைத்துக்கொண்டிருப்பார். வேலையிலிருந்து ஓயும்வரை அவரை அனுப்பியவர் டீச்சர் ஒருவர்தான்.